நான்கு லிஃப்டுகளும் எட்டாவது மாணவனும்

மார்ச் 3, செவ்வாய்

இந்த நோட்டில் இன்று முதல் நான் எழுதப்போகும் கதையை ஒருவரும் நம்பப்போவதில்லை. சத்தியமாகச் சொல்கிறேன். நாளைக்கு நானே எடுத்துப் படித்தாலும் நம்ப மாட்டேன். ஆனாலும் எழுதுவது கடமை. மருத்துவமனையின் நான்கு லிஃப்டுகளை இருபத்தாறு வருடமாக ஓடவிட்டு, இந்த ஊரில் பாதிப் பேரை வாழ்க்கையில் மேலே உயர்த்திவிட்ட ஒரு மெக்கானிக்கின் வரலாறு எழுதப்படாமல் போனால் உலகம் தாங்காது.

நடந்தது இதுதான். அக்கா மகள் போன் செய்தாள். வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள் என்று ஒரு வருடமாக அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்த பெண். இப்போது ஒரு பயிற்சி மையத்தில் ஜாவா என்ற கம்ப்யூட்டர் மொழியைச் சொல்லிக்கொடுக்கும் வேலை. தற்காலிகம்தான். முதல் வகுப்பில் எட்டுப் பேர் சேர்ந்து, எட்டுப் பேரும் கடைசிவரை முடித்தால் நிரந்தரம். ஏழு பேர் சேர்ந்துவிட்டார்களாம்.

"மாமா, தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?"

"ஒருத்தர் இருக்கார். மகா மேதை. அவரைப் பார்த்தா கம்ப்யூட்டரே எழுந்து நின்னு வணக்கம் சொல்லும்."

"யாரு மாமா அது?"

"நான்தான்."

போனில் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை மாதம் ஆயிற்று?

என் மனைவிதான் நடுவில் புகுந்தாள். "ஏங்க, சத்தத்தைக் குறைக்கத் தெரியாம போன வாரம் டிவி மேல போர்வையைப் போட்டு மூடினது யாரு?"

பெரிய மனிதர்களின் வீட்டில் இப்படித்தான்.

மார்ச் 6, வெள்ளி

முதல் வகுப்பு. அச்சகத்துக்கு மேலே மூன்றாவது மாடி. லிஃப்ட் இல்லை. என்னைப் போன்ற ஒருவனை இதைவிட அவமானப்படுத்த முடியுமா? எட்டாயிரம் படி ஏறினேன். (ஐம்பத்துநான்கு.)

போனதுமே அக்கா மகள் எனக்கென்று ஒரு சட்டம் போட்டாள்.

"இங்க நான் மாமான்னு கூப்பிட மாட்டேன். நீங்களும் என்னைப் பாப்பான்னு கூப்பிடக் கூடாது."

"சரி பாப்பா."

வகுப்பே சிரித்தது. பக்கத்து இருக்கையில் மருந்துக் கடைக்காரர். நல்ல மனிதர், நான் எது சொன்னாலும் அப்படியே நம்புகிறார். இப்படி ஒருவரைத்தான் வாழ்நாள் முழுவதும் தேடிக்கொண்டிருந்தேன்.

பாடம் என்று எதுவும் நடத்தவில்லை. "கேட்டா வராது, செஞ்சாத்தான் வரும். அவங்கவங்க வேலையிலேர்ந்து ஒரு பொருளை எடுத்துக்கங்க," என்றாள். நான் லிஃப்டை எடுத்துக்கொண்டேன். கிளாஸ் என்பது வரைபடமாம். அதைப் பார்த்துச் செய்தது ஆப்ஜெக்டாம். ஒரு வரைபடம், நான்கு லிஃப்ட். அட, இதைத்தானே நான் இருபத்தாறு வருடமாகக் கையில் எண்ணெயோடு செய்துகொண்டிருக்கிறேன்!

ஜாவாவைக் கண்டுபிடித்ததே நான்தானோ என்று வழி முழுக்க யோசித்துக்கொண்டு வந்தேன்.

மார்ச் 10, செவ்வாய்

இரண்டாவது பயிற்சி. நான்கு லிஃப்டைச் செய்து, ஒவ்வொன்றுக்கும் பெயர் கொடுத்து, அந்தப் பெயரைத் திரையில் காட்ட வேண்டும். கிழக்கு, மேற்கு, வடக்கு, அவசரப் பிரிவு. ஓடவிட்டேன். திரையில் வந்தது: நல். நல். நல். நல்.

நல்ல என்று பாராட்ட வந்த இயந்திரம் வெட்கப்பட்டுப் பாதியில் நிறுத்திக்கொண்டது என்று நினைத்தேன். நான்கு முறை! எழுந்து நின்று வகுப்பு முழுவதற்கும் அறிவித்தேன். மருந்துக் கடைக்காரர் கை கொடுத்தார்.

அக்கா மகள் வந்து பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"நல்னா ஒண்ணும் இல்லைன்னு அர்த்தம். உங்க நாலு லிஃப்டுக்கும் பேரே இல்ல."

"கொடுத்தேனே!"

"கொடுத்தீங்க. அதுங்க வாங்கிக்கல."

பெயர் = பெயர் என்று எழுதியிருக்கிறேன். அப்படி எழுதினால் வெளியிலிருந்து வந்த பெயர் தன்னையே தனக்குக் கொடுத்துக்கொண்டு அப்படியே போய்விடுமாம். லிஃப்டின் கையில் ஒன்றும் மிஞ்சாது. 'என்னுடைய பெயர்' என்று லிஃப்டைச் சொல்லவைக்க வேண்டும். அதற்கு திஸ் என்று ஒரு சொல், ஒரு புள்ளி.

வாழ்நாளில் 'என்னுடைய' என்று சொல்ல மறந்த ஒரே சந்தர்ப்பம் இதுவாகத்தான் இருக்கும்.

மார்ச் 13, வெள்ளி

இன்று உலக சாதனை. மாடி எண்ணுக்கு முன்னால் ஸ்டாட்டிக் என்று ஒரு சொல் போட்டேன், பார்க்கக் கம்பீரமாக இருந்தது. கிழக்கு லிஃப்டை ஏழாவது மாடிக்கு அனுப்பினால் நான்கும் ஏழாவது மாடிக்குப் பறந்தன. கட்டடமே ஒரு பக்கம் சாய்ந்தது. அச்சகத்தில் மை கொட்டியது.

ஸ்டாட்டிக் என்றால் எல்லாருக்கும் பொதுவாம். ஒருவர் ஏறினால் எல்லாரும் ஏறியதாகக் கணக்கு. எங்கள் மருத்துவமனையில் பதவி உயர்வை இப்படிக் கொடுத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

மார்ச் 20, வெள்ளி

பிரைவேட் என்று போட்டால் வெளியாட்கள் தொட முடியாது. இந்த நோட்டின் அட்டையிலும் எழுதிவைத்தேன்.

மார்ச் 21, சனி

அட்டையில் அதற்குக் கீழே வேறு கையெழுத்து: 'படிச்சாச்சு. பால் வாங்கிட்டு வாங்க.'

ஏப்ரல் 7, செவ்வாய்

நின்றுவிடலாமா? நான்கு நாளாக அதே யோசனை. ஐந்தாவது பயிற்சியில் பெயர் = பெயர் என்று மறுபடி அதே தப்பு. ஏழாவது தடவையோ எட்டாவது தடவையோ. ஐம்பத்தாறு வயதில் விரல் தனக்குப் பழகியதைத்தான் எழுதுகிறது. ராத்திரி ஷிப்டுக்காரன் மாதிரி மூளை கொட்டாவி விடுகிறது. நமக்கு எதுக்கு இதெல்லாம்? ஸ்பானரைப் பிடிச்சோமா வீட்டுக்கு வந்தோமான்னு இருக்கக் கூடாதா?

ஆனால் இன்று ஒன்று பார்த்தேன். வகுப்புக்குக் கொஞ்சம் முன்னாலேயே போய்விட்டேன். அக்கா மகள் தனியாக நின்று பலகையில் ஏதோ வரைந்துகொண்டிருந்தாள். லிஃப்ட் படம். கயிறு, லிஃப்டுக்குச் சமமாக எதிரில் தொங்கும் எதிர்ப்பாரம், கதவு எல்லாம் சரியாக வரைந்திருந்தாள். எனக்குப் புரிகிற மாதிரி அடுத்த பாடத்தைச் சொல்வதற்காக, லிஃப்ட் எப்படி ஓடுகிறது என்று எங்கேயோ தேடிப் படித்திருக்கிறாள். எதிர்ப்பாரத்தைத் தப்பான பக்கம் போட்டுவிட்டு, அழித்து, மறுபடி போட்டாள். வாய்க்குள் ஏதோ பாடிக்கொண்டிருந்தாள்.

சத்தம் போடாமல் இறங்கிப்போய், கீழே பத்து நிமிடம் நின்றுவிட்டு மறுபடி ஏறினேன். நூற்றெட்டுப் படி. இதில் மிகை இல்லை.

நிற்பதாவது. எட்டாவது ஆள் நான்.

ஏப்ரல் 17, வெள்ளி

ஆறாவது பயிற்சியை வகுப்பிலேயே முதல் ஆளாக முடித்தேன். நானே! ஒரு நல் கூட இல்லை. மருந்துக் கடைக்காரர் அசந்துபோனார்.

"எப்படி சார் இவ்வளவு சீக்கிரம்?"

"எனக்கென்ன கவலை? நான் மூச்சு விடுறேன், அக்கா மகள் டைப் அடிக்கிறா. அவ தூக்கத்துலேயே என் பயிற்சியை எழுதி முடிச்சுடுவா."

அவர் "அடேயப்பா!" என்றார். இரண்டு பேரும் சேர்ந்து டீ குடித்தோம். நல்ல நாள்.

ஏப்ரல் 24, வெள்ளி

என் நாக்கை அறுத்து அந்த அச்சகத்து இயந்திரத்தில் போட்டால் என்ன?

மாணவர்களிடம் கருத்து கேட்டு ஒரு படிவம் கொடுத்திருக்கிறார்கள். மருந்துக் கடைக்காரர் ஆசிரியையைப் பாராட்டித்தான் எழுதியிருக்கிறார், பாவம். 'மிகவும் உதவியானவர். கஷ்டப்படும் மாணவர்களுக்குப் பயிற்சியை அவரே எழுதிக்கொடுக்கிறார்.' எந்த மாணவர் என்று மைய மேலாளர் கேட்க, இவர் பெருமையோடு என்னைக் காட்டியிருக்கிறார்.

அது உண்மை என்றால் என் பெயரை அடித்துவிடுவார்கள். அப்புறம் ஏழு பேர்தான். அவளுக்கு வேலை இல்லை. இதோடு முடிந்தால் பரவாயில்லை; சொந்தக்காரனுக்கு எழுதிக்கொடுத்தவள் என்ற பெயரோடு வேறு எங்கே போய் நிற்பாள்?

மருந்துக் கடைக்காரர் கண் கலங்கி நின்றார். அவரை என்ன சொல்ல? அவர் நம்பினார். நம்பத்தானே நான் சொன்னேன்.

அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா மகள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருக்கலாம். டீயைக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"மாமா, உங்க கதை எல்லாம் எனக்குப் பிடிக்கும். அப்பா போனப்ப அந்தக் கதையைக் கேட்டுத்தான் நான் சாப்பிட்டேன், ஞாபகம் இருக்கா?"

"ம்."

"செவ்வாய்க்கிழமை மேலாளர் உங்களைக் கேப்பார். அன்னிக்கு ஒரு நாள் மட்டும் கதை வேணாம் மாமா."

தலையை ஆட்டினேன். வாய் திறக்கவில்லை. திறந்தால் ஏதாவது கதை வந்துவிடும்.

ஏப்ரல் 28, செவ்வாய்

மேலாளர் குள்ளமான மனிதர், கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டு அதையே தேடுகிறவர். மற்ற நாளாக இருந்தால் அதை வைத்து ஒரு மாதம் ஓட்டியிருப்பேன்.

"இவங்க உங்களுக்கு எழுதிக்கொடுத்தாங்கன்னு நீங்கதான் சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"உண்மையா?"

அறையில் எல்லாரும் இருந்தார்கள். இருபத்தாறு வருடத்தில் எத்தனையோ பேருக்கு முன்னால் என்னென்னவோ சொல்லியிருக்கிறேன். ஒற்றைக் கையால் லிஃப்டைத் தாங்கினேன் என்றுகூடச் சொல்லியிருக்கிறேன். ஆனால் இந்த மூன்று சொல் தொண்டையிலேயே மாட்டிக்கொண்டு கீழேயும் போகாமல் மேலேயும் வராமல் நின்றது.

"நான் சொன்னது பொய். பெருமைக்காகச் சொன்னேன். அவங்க ஒரு வரிகூட எழுதிக்கொடுக்கல."

"இப்ப மட்டும் எப்படி நம்புறது?"

சரியான கேள்வி. அவரே சொன்னார்: "உக்காருங்க. புதுசா ஒரு சரக்கு லிஃப்ட் சேருங்க. மத்த லிஃப்ட் செய்யறது எல்லாம் செய்யணும், ஆனா மூணாவது மாடியில நிக்கக் கூடாது. அதை ஓட்டறவர் பேரையும் காட்டணும்." அக்கா மகளை வெளியே போகச் சொன்னார். கதவு மூடும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை.

உட்கார்ந்தேன். எக்ஸ்டெண்ட்ஸ் என்று எழுதினால் அப்பாவிடம் இருப்பது எல்லாம் பிள்ளைக்கு வரும். எனக்கு வழுக்கை வந்த மாதிரி. அதை எழுதினேன். மூன்றாவது மாடியை மறுத்தேன். ஓட்டுநர் பெயரைக் கொடுத்தேன். ஓடவிட்டேன்.

லிஃப்ட் பெயர்: சரக்கு. மாடி: சரி. மூன்றில் நிற்கவில்லை: சரி.

ஓட்டுநர்: நல்.

மருந்துக் கடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். மேலாளர் என் முகத்தையே பார்த்தார்.

"என்ன ஆச்சு?"

"தெரியல சார். பார்க்கிறேன்."

லிஃப்ட் நின்றுவிட்டால் எல்லாப் பொத்தானையும் அழுத்தக் கூடாது. கரண்ட் எந்த மாடிவரை வருகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். லிஃப்ட் பெயர் சரியாக வந்திருக்கிறது, அதனால் அப்பா லிஃப்டின்மேல் குற்றமில்லை. பெயர் உள்ளே நுழையும் இடத்தில் அதைக் காட்டச் சொல்லி ஒரு வரி போட்டேன். வந்தது. அடுத்த வரியில் போட்டேன், லிஃப்டின் கையில் என்ன இருக்கிறது என்று. நல். இரண்டுக்கும் நடுவில் ஒரே வரிதான் இருந்தது.

ஓட்டுநர் = ஓட்டுநர்.

இத்தனை நாளுக்குப் பிறகும்! சத்தமாகவே சிரித்துவிட்டேன். திஸ் போட்டேன், புள்ளி வைத்தேன், ஓடவிட்டேன். பெயர் வந்தது.

மேலாளர் கண்ணாடியைக் கீழே இறக்கினார். திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எழுதிக்கொடுக்கிறவங்க இந்தத் தப்பைச் செய்ய மாட்டாங்க," என்றார். "யாரோ எழுதினதை வச்சிருந்தா நீங்க இதைக் கண்டுபிடிச்சிருக்கவும் மாட்டீங்க. அவங்களை உள்ள கூப்பிடுங்க."

மே 8, வெள்ளி

எட்டுப் பேரும் கடைசிப் பயிற்சியை முடித்தோம். மருந்துக் கடைக்காரரின் புரோகிராம் காலாவதியான மாத்திரையைக் கண்டால் கத்துகிறது. இனி படிவம் எதிலும் எழுதுவதற்கு முன்னால் என்னிடம் காட்டுவதாகச் சொன்னார். என்னிடம் காட்ட வேண்டாம் என்றேன்.

மே 15, வெள்ளி

காலையில் வடக்கு லிஃப்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது போன். "மாமா, நிரந்தரம்" என்றாள். ஏழாவது மாடியில் ஏறிய நர்ஸ் பொத்தானை அழுத்திவிட்டு, "அண்ணே, ஏன் அழறீங்க?" என்றாள். கண்ணில் எண்ணெய் என்றேன்.

அடுத்த வகுப்புக்குப் பத்தொன்பது பேர். சாவி இனி அவளிடமே இருக்கும்; பெயர்ப் பலகைக்கு அளவு எடுத்துப் போயிருக்கிறார்கள். நன்றி சொல்ல வேண்டும் என்று உட்கார்ந்தால் யாருக்குச் சொல்வது என்று தெரியவில்லை. அந்த மேலாளருக்கா, மருந்துக் கடைக்காரருக்கா, நான்கு முறை நல் என்று சொன்ன இயந்திரத்துக்கா? எல்லாருக்கும் சொல்லிவிடுகிறேன். ஸ்டாட்டிக்காக எடுத்துக்கொள்ளட்டும்.

இதை நம்ப மாட்டீர்கள் என்று முதல் நாளே எழுதினேன். கட்டடம் சாய்ந்தது பொய். மை கொட்டியது பொய். எட்டாயிரம் படி பொய். ஆனால் நான் சொன்ன அந்தப் பெரிய பொய்யில் மட்டும் ஒரு துளி உண்மை இருந்தது. ஆறாவது பயிற்சியில் ஒரு வரியின் கடைசியில் அரைப்புள்ளி வைக்க மறந்து, புரோகிராம் ஓடாமல் நிற்க, நான் திரையையே முறைத்துக்கொண்டிருந்தேன். அவள் பின்னாலிருந்து ஒரு விரலை நீட்டி, யாருக்கும் தெரியாமல், அதை வைத்துவிட்டுப் போனாள்.

ஒரு வரிகூட எழுதவில்லை என்றுதான் மேலாளரிடம் சொன்னேன். அது உண்மைதானே? அரைப்புள்ளி எப்போது வரியானது?