அத்தை தானே வாசிக்கப் போகிறாள்

ஜூலை 4

இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். எனக்குச் சாதகமாக எதையும் கூட்டவோ குறைக்கவோ மாட்டேன். வீட்டில் நாங்கள் பேசுவது உருது, பள்ளியில் படிப்பது தமிழ். தமிழில் எழுதினால் ஒரு வசதி உண்டு. அத்தை எழுத்துக் கூட்டித்தான் தமிழ் படிப்பாள். அவள் ஒரு பக்கம் முடிப்பதற்குள் நான் நோட்டைப் பிடுங்கிவிடலாம்.

அத்தை அப்பாவின் தங்கை. பெரியப்பாவின் மூக்குக்கண்ணாடிக் கடையில், பின்னறையில் உட்கார்ந்து லென்ஸை ஃபிரேமுக்கு ஏற்றபடி தேய்த்துக் கொடுப்பவள். அதோடு அவள் உருதுக் கவிஞர். முதல் கவிதை அச்சில் வந்தபோது அவளுக்குப் பதினேழு வயது, இப்போது நாற்பத்திரண்டு. புத்தகம் ஒன்று வந்திருக்கிறது. பத்திரிகைகள் திருப்பி அனுப்பிய கவிதைகளை மடித்து, காலியான கண்ணாடிக் கூடுகளில் போட்டு வைத்திருக்கிறாள். எண்ணிப் பார்த்தேன். முப்பத்தொரு கூடுகள்.

அத்தைக்குத் திக்கும். கடையில் போன் அடித்தால் எடுக்கவே மாட்டாள். வருடாந்திரக் கவியரங்கத்தில் அவளுடைய கவிதையைப் பெரியப்பாதான் வாசிப்பார். அவரும் கவிஞர். குரல் பிரமாதம். கவிதை சுமார். (உண்மையை எழுதுவதாகச் சொல்லியிருக்கிறேன்.)

ஜூலை 6

போன கவியரங்கத்தின் மலர் இன்று தபாலில் வந்தது. அத்தையின் கஸல் பதினெட்டாம் பக்கத்தில் இருக்கிறது. மேலே பெரியப்பாவின் பெயர்.

கஸலில் இரண்டிரண்டு அடிகளாக வரும். ஒவ்வொரு ஈரடியும் ஒரே சொற்களில் முடியும். கடைசி ஈரடிக்குள் கவிஞர் தன் புனைபெயரை வைத்துத் தைத்துவிடுவார். அத்தையின் புனைபெயரும் அங்கே பளிச்சென்று இருக்கிறது. அதற்கு மேலேயே பெரியப்பாவின் பெயரைப் போட்டிருக்கிறார்கள்!

பெரியப்பா கவியரங்கச் செயலாளருக்குப் போன் செய்தார். அவர் சொன்னது எனக்கே கேட்டது. "வாசிச்சது நீங்கதானே? அது உங்களோட இன்னொரு புனைபெயராக்கும்னு நினைச்சோம்."

"நான் எல்லா வருஷமும் 'இது என் தங்கச்சியோடது'ன்னு சொல்லிட்டுத்தான் ஆரம்பிக்கிறேன்" என்றார் பெரியப்பா.

"கைத்தட்டல்ல அது யார் காதுல விழுது?"

பின்னறையில் தேய்க்கும் இயந்திரம் இரண்டு மணி நேரம் நிற்காமல் ஓடியது. பிறகு அத்தை கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"இ... இந்த வருஷம் நானே வாசிக்கிறேன்."

ஜூலை 7

சாப்பாட்டில் பருப்புக்கு உப்பே இல்லை. பெரியப்பா அதையே இரண்டு முறை போட்டுக்கொண்டார்.

ஜூலை 9

செயலாளர் கடைக்கு வந்தார், தளர்ந்துபோன ஃபிரேமை இறுக்கிக்கொள்ள. அத்தை தானே வாசிக்கப்போவதைப் பெரியப்பா சொன்னார்.

"நல்ல விஷயம். ஆனா புதுசா வாசிக்கிறவங்கதான் முதல்ல வாசிக்கணும். பெரிய கவிஞர்கள் கடைசியில. அது நம்ம வழக்கம்."

"அவ எழுத ஆரம்பிச்சு இருபத்தஞ்சு வருஷம் ஆச்சு, சார்."

"வாசிச்சு?"

முதல் ஆள் என்றால் நாலு மணி. பாதிப் பேர் அப்போதுதான் நாற்காலி தேடிக்கொண்டிருப்பார்கள். அத்தை அவருடைய ஃபிரேமில் திருகாணியை முடுக்கி, மூக்கில் வைத்துப் பார்த்து, "சரி" என்றாள். எதற்குச் சரி என்று அவருக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது.

ஜூலை 15

பள்ளி விட்டதும் அத்தையின் ஒத்திகைக்காகக் கடைக்குப் போய்விடுகிறேன். அவள் நிற்கும் நேரம் பார்க்கக் கைக்கடிகாரமும், இடத்தைக் குறிக்கப் பென்சிலும் என் பொறுப்பு. அத்தை தனியாகப் பழைய கஸலை வாசித்தால் ஈரடிக்கு மூன்று நான்கு இடத்தில் நிற்கிறாள். பெரும்பாலும் சொல்லின் தொடக்கத்தில்.

இன்று சலித்துப்போய், கண் பரிசோதிக்கச் சுவரில் மாட்டியிருக்கும் எழுத்து அட்டையை இருவரும் சேர்ந்து சத்தமாக வாசித்தோம், பெரிய எழுத்திலிருந்து பொடி எழுத்துவரை. அத்தை ஓரிடத்திலும் நிற்கவில்லை. மறுபடி வாசித்தோம். அப்போதும் இல்லை. நான் வாயை மூடிக்கொண்டேன். மூன்றாவது எழுத்திலேயே நின்றுவிட்டாள்.

"அத்தை, கூட யாராவது சொன்னா உங்களுக்குத் திக்கலை."

"நீ எ... எப்போ டாக்டர் ஆனே?"

"கஸல்ல முடியிற சொற்களைக் கூட்டம் சேர்ந்து சொல்லும் இல்லையா? அடியைத் திருப்பியும் சொல்வாங்க இல்லையா? அப்போ அந்த முடிவு நீளமா இருந்தா?"

அத்தை என்னையே பார்த்தாள். பிறகு போய் இயந்திரத்தைப் போட்டாள். லென்ஸே வைக்காமல்.

ஜூலை 22

புதுக் கஸல் வந்துவிட்டது. மருத்துவச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறாள். ஒவ்வொரு ஈரடியும் 'கதவு திறந்தேதான் இருக்கிறது' என்ற பொருளில் முடிகிறது. எனக்குப் பிடித்தது:

மழை தன் செருப்பை வாசலில் விட்டுவிட்டு வரட்டும்,
நான் ஒன்றும் கேட்கப்போவதில்லை, கதவு திறந்தேதான் இருக்கிறது.

தமிழில் பாதிதான் வருகிறது. உருதுவில் அந்த மழை உண்மையிலேயே காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே வரும்.

ஜூலை 30

இன்று சண்டை. ஈரடியின் முடிவில் கூட்டம் கைகொடுக்கும். ஆனால் புனைபெயர் வருவது கடைசி ஈரடியின் முதல் சொல்லாக. அங்கே யாரும் சேர்ந்து சொல்ல மாட்டார்கள். அத்தை எந்த ஓசையில் அதிகம் நிற்பாளோ அதே ஓசையில்தான் அந்தப் பெயர் தொடங்குகிறது. பதினேழு வயதில் வேண்டுமென்றே வைத்துக்கொண்டாளாம்.

"நடுவுல தள்ளி வெச்சுக்கோயேன்" என்றார் பெரியப்பா.

"அடி கெட்டுடும்."

"அப்போ நான் பக்கத்துல நிக்கிறேன். அந்த ஒரு சொல்லை மட்டும் நான் சொல்லிடறேன். யாருக்கு என்ன நஷ்டம்?"

"உ... உங்க வாயிலேர்ந்து வந்துதான் அது உங்க பேராச்சு, அண்ணா."

பெரியப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது — இத்தனை வருஷம் கைத்தட்டலை வாங்கிக்கிட்டாரே, ஒரு தடவையாவது அத்தையை எழுந்து நிக்கச் சொல்லியிருக்கலாம்ல?

ஆனால் இதையும் எழுத வேண்டும். போன வருடம் கவியரங்கம் முடிந்த மறுநாள் வகுப்புத் தோழி கேட்டாள். "எங்கம்மா அந்தக் கவிதையைப் பத்தியே பேசிட்டிருக்காங்க. உங்க பெரியப்பாவோடதா?" நான் ஆமாம் என்றேன். மேடையில் கணீரென்று வாசிக்கும் பெரியப்பாவைக் காட்டுவது எளிது. திக்கும் அத்தையைப் பற்றி விளக்க வேண்டியிருக்கும். என் வாயிலிருந்து வந்தும்தான் அது பெரியப்பாவின் பேராச்சு.

ஜூலை 31

அத்தையிடம் சொன்னேன். "தெ... தெரியும். உன் தோழியோட அம்மா கண்ணாடி மாத்த வந்தப்போ எனக்கே சொல்லிட்டுப் போனாங்க" என்றாள். பிறகு, "கடிகாரத்தை எடு" என்றாள்.

ஆகஸ்ட் 9

புனைபெயருக்கு இன்று ஆறு, ஒன்பது, ஏழு, பதின்மூன்று விநாடிகள். குறையவில்லை. "குறைய வேண்டாம். எவ்வளவு ஆகும்னு தெ... தெரிஞ்சா போதும்" என்கிறாள்.

ஆகஸ்ட் 10

நாலு மணிக்கு மண்டபத்தில் இருபத்திரண்டு பேர், எங்களையும் சேர்த்து. ஒருவர் நாற்காலியைத் தரையில் இழுத்துக்கொண்டே போனார். அத்தை எழுந்து போனாள். முதல் அடியில் இரண்டு இடத்தில் நின்றாள். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அத்தை காத்திருந்து அதே அடியை மறுபடி சொன்னாள். கஸலில் அது வழக்கம்தானே? முன்வரிசைப் பெரியவர் ஒருவர் அவளோடு சேர்ந்து அடியைத் திருப்பிச் சொன்னார். முடிவு வந்தது. நான், பெரியப்பா, அப்பா, அந்தப் பெரியவர் — நாலு குரல். மழை ஈரடிக்கு இருபது குரல். நாற்காலிக்காரர் நாற்காலியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

பிறகு கடைசி ஈரடி.

அத்தை வாயைத் திறந்தாள். பெயர் வரவில்லை. நாலு. ஐந்து. பெரியப்பா இருக்கையின் விளிம்புக்கு வந்துவிட்டார். அவர் உதடுகள் அந்தப் பெயருக்குத் தயாராகக் குவிந்திருந்தன. நான் அவர் சட்டையைப் பிடிக்கப் போனேன். தேவைப்படவில்லை. அவரே கையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். எட்டு. ஒன்பது. பத்து. பதினொன்றில் பெயர் வந்தது, முழுசாக. அதன் பின்னால் மீதி அடியும்:

தட்டாமல் வெளியே நிற்பது நீயேதான், வேறு யார்?
உள்ளே வா, கதவு திறந்தேதான் இருக்கிறது.

முன்வரிசைப் பெரியவர் கையை உயர்த்தி, "இன்னொரு முறை" என்றார்.

கஸலில் இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. எனக்கோ அவரைக் கடிக்கலாம் போல இருந்தது. அத்தை சிரித்தாள். மேடையிலேயே சிரித்தாள். மறுபடி தொடங்கினாள். பதினாலு விநாடி.

ஆகஸ்ட் 11

பெரியப்பா இன்று கடைக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்ப் பின்னறையைப் பெருக்கினாராம். நேற்று அவருடைய கஸலுக்கு வழக்கமான கைத்தட்டல்தான்.

ஆகஸ்ட் 19

மாலை கடை சாத்தும் நேரம். பெரியப்பா ஷட்டர் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார். போன் அடித்தது. நான் எடுக்கப் போவதற்குள் அத்தை எடுத்துவிட்டாள். செயலாளர்தான். இந்த வருட மலருக்கு அந்தக் கஸல் வேண்டுமாம்.

"அனுப்பறேன்" என்றாள் அத்தை. அந்தப் பக்கம் ஏதோ கேட்டார். அத்தை என்னைப் பார்த்தாள், பெரியப்பாவைப் பார்த்தாள்.

"யா... யார் பேர்லயா? எழுதிக்கோங்க. சொல்றேன்."

நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பெரியப்பா சாவி தேடுவதை விட்டுவிட்டு நிமிர்ந்தார். அந்தப் பக்கம் செயலாளரும் காத்திருந்திருக்க வேண்டும். போன் துண்டிக்கப்படவில்லை. பெயர் வந்தது.

அத்தை போனை வைத்தாள். பெரியப்பா முன்பக்க விளக்குகளை அணைத்தார். நான் எழுத்து அட்டையின் விளக்கை அணைத்தேன்.