பச்சை விளக்கு எரியாத பொம்மை

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அப்பா நன்றாகத் தேறிவிட்டார். விலா எலும்புகள் கூடிவிட்டன. இருமும்போது மட்டும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்க்கிறார்.

போன வாரம் போனில் நீ, "கொஞ்சம் மெதுவா அழுத்தியிருக்கலாமேம்மா" என்றாய். எனக்குக் கோபமில்லை. உனக்குப் புரியும்படி ஓர் உதாரணம் சொல்கிறேன். வீட்டுக்குள் தீப்பிடித்துக் கதவும் உள்ளே தாழிட்டிருந்தால், வெளியே நிற்பவர் உடைத்துத்தான் திறப்பார். தச்சரைப் பிறகு கூப்பிட்டுக்கொள்ளலாம். அன்று அப்பா சமையலறைத் தரையில் மூச்சில்லாமல் கிடந்தார். ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் இதயத்தின் வேலையை என் கைகள் செய்தன. எலும்பு முறிந்த சத்தம் எனக்கும் கேட்டது. நிறுத்தவில்லை. நிறுத்தாததால்தான் பிழைத்தார் என்று டாக்டரே சொன்னார். வீட்டுக்கு வருகிறவர்களிடம் அப்பா அதைச் சொல்வதில்லை. டாக்டர் காப்பாற்றினார், இவள் உடைத்தாள் என்கிறார். உன் அத்தை தலையாட்டிக்கொண்டு கேட்கிறாள்.

முதலுதவிச் சான்றிதழைப் புதுப்பித்தாயா என்று கேட்டிருந்தாய். பள்ளியில் டீச்சராக இருந்தபோது வாங்கியது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வகுப்பில் உட்கார்ந்து, செய்து காட்டிப் புதுப்பிக்கவேண்டும். ஓய்வுபெற்ற பிறகும் நான் விடவில்லை. பெருக்கல் வாய்ப்பாடு மாதிரிதான், சொல்லிப் பார்க்காவிட்டால் மறந்துபோகும். இந்த மாதம் கெடு. பயிற்சி தரும் நர்ஸம்மா, அப்பாவையும் அழைத்து வரச் சொன்னார். செத்துப் பிழைத்தவரைக் கண்ணால் பார்த்தால் புதிதாகப் படிப்பவர்களுக்கு நம்பிக்கை வருமாம். இஸ்திரி போட்ட சட்டையை நானே எடுத்துக் கொடுத்தேன்.

வகுப்பின் முன்னால் அப்பாவுக்கு நாற்காலி போட்டார்கள். நடந்ததைச் சொல்லுங்கள் என்றதும் சிரித்துக்கொண்டே ஆரம்பித்தார்: "முப்பது வருஷம் பிள்ளைங்கள அடிச்ச கை. ரிட்டயரானதும் அடிக்க ஆள் கிடைக்கல. நான் கீழ விழுந்தது வசதியாப் போச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். நான் யாரையும் அடித்ததில்லை என்பது உனக்குத் தெரியும், நீயும் என் வகுப்பில்தானே படித்தாய். நர்ஸம்மாவும் சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார்.

பிறகு என் முறை. தரையில் படுக்கவைத்த ரப்பர் பொம்மையின் நெஞ்சைச் சரியான ஆழத்துக்கு அழுத்தினால், அதன் தோளில் பச்சை விளக்கு எரியும். மண்டிபோட்டு, கைகளைக் கோத்து வைத்து அழுத்தினேன். எரியவில்லை. இன்னும் நல்லா அழுத்துங்க டீச்சர் என்றார் நர்ஸம்மா. பின்னாலிருந்து அப்பா, "பொம்மைகிட்ட மட்டும் பாசத்தப் பாரு" என்றார். மறுபடியும் சிரிப்பு. கடைசிவரை விளக்கு எரியவில்லை.

என்னிடம் ஒரு பெண் படித்தாள். கணக்கைச் சரியாகப் போட்டு, விடையை அழித்துவிட்டுத் தாளைக் கொடுப்பாள். அன்று பொம்மையின் முன்னால் அவள் நினைவுதான் வந்தது.

அடுத்த சனிக்கிழமை வந்தால் இன்னொரு வாய்ப்புத் தருவதாக நர்ஸம்மா சொன்னார். வீட்டுக்கு வந்ததும் அப்பா, வயதான காலத்தில் இனி உனக்கு அந்த வகுப்பெல்லாம் எதற்கு என்றார். சரிங்க என்றேன். அந்தச் சனிக்கிழமையும் போய்விட்டது. அன்று அவருக்குப் பிடித்த மாதிரி சமைத்துப் போட்டேன். திருப்தியாகச் சாப்பிட்டார்.

நேற்று பரிசோதனைக்குப் போனோம். இது மறுபடியும் வரலாம், ஆனால் வீட்டிலேயே தெரிந்தவர் இருப்பதால் பயமில்லை என்றார் டாக்டர். பொம்மையின் விளக்கு எரியாததை நான் அவரிடம் சொல்லவில்லை.

ஆண்டுக் கடைசியில் வருவதாக எழுதியிருந்தாய். அவ்வளவு தள்ளிப்போடாதே, கண்ணா. விடுப்புக் கிடைத்தால் இந்த மாதமே வா. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து நாலு வார்த்தை ஆசையாகப் பேசு. நீ குறைவில்லாமல் நீண்ட நாள் வாழவேண்டும்.

உன்
அம்மா