இடி இடித்ததும் மாறிப்போன இலக்கம்

பலாங்கொடை
14.10.2008

அன்புள்ள யோகராஜ்,

வந்தவர் யார் என்று பார்க்காமல், எங்கிருந்து வருகிறார் என்பதை மட்டும் பார்த்து உள்ளே விடுவது சரியா? சில நாளாக யோசிக்கிறேன், எனக்குப் பதில் தெரியவில்லை. இங்கே நாங்கள் சுகம், அப்பாவின் இருமலும் குறைந்துவிட்டது. டோஹாவில் நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன்.

உன் தங்கை தனுஜா பார்த்துக்கொள்ளும் தோட்டத்துக் கணினி நிலையத்தில், எல்லாக் கணினிக்கும் இன்டர்நெட்டைப் பிரித்துக் கொடுக்கும் ரவுட்டர் பெட்டியின் அமைப்பை யாரோ மாற்றி மாற்றி வைத்தார்கள். இது தொழிலாளர் லயத்துப் பிள்ளைகளின் வேலைதான், இனி அவர்களை உள்ளே விடக்கூடாது என்று நிலையத் தலைவர் நாகலிங்கம் ஐயா சொல்லிவிட்டார். அவர்களுக்கு வேறு எங்கே கணினி இருக்கிறது? தனுஜா ஒரு வாரத் தவணை கேட்டாள். தன் மேசைக் கணினிக்குப் பெட்டி கொடுத்திருந்த ஐபி இலக்கத்திலிருந்து வந்தால் மட்டும் அமைப்புப் பக்கத்தைத் திற, வேறு எதற்கும் திறக்காதே என்று பெட்டிக்குள் எழுதி வைத்தாள். பிள்ளைகள் வழக்கம்போலப் படிக்கலாம், பெட்டியைத் தொடத்தான் முடியாது. ஆளை நிறுத்தாமல் குழப்பத்தை மட்டும் நிறுத்தியது எனக்குப் பிடித்திருந்தது. ஆனாலும் ஓர் இலக்கத்தை இவ்வளவு நம்பலாமா என்று கேட்டேன். சிரித்துக்கொண்டு போய்விட்டாள்.

இன்று பின்னேரம் இடி. இடி கேட்டால் இங்கே என்ன செய்வோம் என்று உனக்குத் தெரியுமே, எல்லா பிளக்கையும் பிடுங்கிப் போட்டார்கள். மழை விட்டதும் திரும்பச் செருகினால், தனுஜாவின் கணினிக்கே பெட்டி திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்தபடியே காரணத்தைக் கண்டுபிடித்தாள். அந்தப் பெட்டி அணைந்து எழும்பினால் பழையதை மறந்துவிட்டு, முதலில் வரும் கணினிக்கு முதல் இலக்கத்தைக் கொடுத்துவிடுமாம். இவளுடைய இலக்கம் வேறு ஏதோ கணினிக்குப் போய்விட்டது. தவணை நாளையோடு முடிகிறது, நாகலிங்கம் ஐயா காலையில் பார்க்க வருகிறார், சரிவரவில்லை என்றால் பிள்ளைகள் வெளியே. அவர் வருமுன் போய்ச் சரிசெய்துவிடு என்றேன். "மறைச்சுட்டு எப்புடிம்மா அந்தப் புள்ளைங்களுக்காகப் பேசுறது? அவரு முன்னாடியே செய்றேன்" என்றாள். நான் எதையும் லேசில் மெச்சுகிறவள் இல்லை. இதை மெச்சுகிறேன். அவளிடம் சொல்லவில்லை, போன் எடுக்கும்போது நீ சொல்.

வெயிலில் தண்ணீர் குடி, பாஸ்போர்ட் புதுப்பிப்பதைத் தள்ளிப் போடாதே. சாமியிடம் உனக்காகக் கேட்பதை அப்பா பார்த்துக்கொள்கிறார். என் ஆசி தனியாக உண்டு.

அம்மா

15ஆம் திகதி. தபாலில் போடுமுன் இதையும் எழுதுகிறேன். நாகலிங்கம் ஐயாவை வைத்துக்கொண்டே ஒவ்வொரு கணினியாகப் பார்த்தாளாம். அந்த இலக்கம் ஜன்னலோரக் கணினியில் இருந்தது. நேற்று மழை விட்டதும் பத்திரிகை பார்க்க அதை முதலில் போட்டவர் அவரேதான். "நேத்து பெட்டி ஒங்களுக்குத்தாங்க தொறந்திருக்கும்" என்றிருக்கிறாள். அதற்கு அவர், "அப்ப என்னையுமில்ல வெளிய நிப்பாட்டணும்" என்றாராம். அவள் அங்கேயே உட்கார்ந்து, எத்தனை இடி இடித்தாலும் மாறாத இலக்கம் ஒன்றைத் தன் கணினிக்குக் கொடுத்தாள். பெட்டியைக் குழப்பியது யார் என்று இன்னும் தெரியாது. பள்ளிக்கூடம் விட்டதும் லயத்துப் பிள்ளைகள் வழக்கம்போல உள்ளே போனார்கள்.