போணிக் கை

பனாஜி, கோவா
28 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

ஷெர்லின் எழுதுவது. என் வலது முழங்கால் ஒன்றைத் தவிர இங்கே எல்லாரும் சுகம். உன் மடத்தில் குளிர் குறைந்ததா? ஈஸ்டருக்கு முன்பே எழுத உட்கார்ந்தேன். தபசு காலத்தில் உங்களுக்குக் கடிதம் கொடுக்க மாட்டார்கள் என்று நினைவு வந்ததும் எடுத்து வைத்துவிட்டேன்.

மீன்பிடித் தடை வந்துவிட்டது. அறுபத்தொரு நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. காசிமேட்டில் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவதுதான் ஒவ்வொரு வருடமும் எங்கள் வேலை. இந்த முறை என் மகள் ஜானட் விடவில்லை. "அங்க ஒண்டியா குந்திகினு இன்னா பண்ணப் போற? கெளம்பி வா" என்று டிக்கெட்டைப் போட்டு அனுப்பிவிட்டாள். அவள் காலையில் ஆஸ்பத்திரிக்கு டூட்டிக்குப் போனால் சாயங்காலம்தான் வருவாள். இரண்டு நாள் வீட்டைக் கழுவினேன். மூன்றாம் நாள் கழுவ ஒன்றும் மிச்சமில்லை.

கீழ்வீட்டில் ரமாபாய் என்று ஒரு பாங்கி ரிடையர்டு அம்மாள் இருக்கிறாள். சவுகார்பேட்டையில் பிறந்து வளர்ந்தவள், நம்மைப் போலவே தமிழ் பேசுகிறாள். வாரம் ஒரு மதியம் எங்கேயோ நல்ல சேலை கட்டிக்கொண்டு போகிறாளே என்று கேட்டேன். "நீயும் வாயேன்" என்றாள். அக்கா, உன்னிடம் மறைத்து என்ன ஆகப் போகிறது. ஆற்றின் நடுவில் ஒரு கப்பலைக் கட்டிப் போட்டு அதற்குள் சூதாட்டம் நடத்துகிறார்கள். அங்கேதான் போனோம்.

இருக்கிற மேஜைகளிலேயே சின்ன மேஜையில் போக்கர் ஆடினேன். கையில் இரண்டு சீட்டு, அதை யாருக்கும் காட்டக் கூடாது. மேஜை நடுவில் ஐந்து சீட்டு, அது எல்லாருக்கும் பொது. ஒவ்வொரு சுற்றிலும் காசு வைக்க வேண்டும், இல்லையென்றால் சீட்டைக் கவிழ்த்துவிட வேண்டும். கையில் ஒன்றுமே இல்லாதவனும் எல்லாம் இருப்பவன் மாதிரி உட்காரலாம். ஏலத்தில் நாம் பார்க்காததா அது. எனக்கு அரை மணியில் பிடிபட்டுவிட்டது. யாருக்கு மீன் வேண்டும், யார் சும்மா விலையை ஏற்றிவிட்டுப் போகிறான் என்று முப்பது வருடமாக முகம் பார்த்தவள் நான்.

ஆனாலும் கொண்டுபோன ஐயாயிரத்தில் பாதி போய்விட்டது. காரணம் எனக்கே தெரியும். உட்கார்ந்ததும் வருகிற முதல் கையை என்னால் கவிழ்க்க முடியவில்லை. அது போணி இல்லையா? காலையில் வருகிற முதல் ஆள் என்ன விலைக்குக் கேட்டாலும் நஷ்டத்துக்காவது கொடுத்துத்தானே அனுப்புவேன். இரண்டும் ஏழும் வந்தது, குப்பை. காசைக் கட்டினேன்.

மதியச் சாப்பாட்டில் வஞ்சிரம் என்று ஒன்றை வறுத்து வைத்திருந்தார்கள். அது வஞ்சிரம் இல்லை, சமையல்காரனிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

எனக்கு அந்த இடம் பிடித்திருக்கிறது அக்கா. ஜெபத்தில் என்னை நினைத்துக்கொள்.

உன் அன்புத் தங்கை,
ஷெர்லின்


கன்னியர் மடம், மலைச்சாலை
9 மே 2025

கிறிஸ்துவுக்குள் அன்புள்ள ஷெர்லினுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மாதம் ஒரு கடிதம்தான் எழுதலாம் என்பதும், வருகிற கடிதங்களை மதர் படித்துவிட்டே கொடுப்பார்கள் என்பதும் உனக்குத் தெரியும். தெரிந்தும் இப்படி ஒரு கடிதம் எழுதியிருக்கிறாய். மதர் அதை என்னிடம் நீட்டியபோது என் காது சிவந்துவிட்டது.

அப்பாவை மறந்துவிட்டாயா? ரயில்வே லைன் ஓரம் உட்கார்ந்து சீட்டாடி, அம்மாவின் தையல் மெஷினைத் தோளில் தூக்கிக்கொண்டு போய் இன்னொருவர் வீட்டில் இறக்கிவிட்டு வந்த அருள்நாதனின் மகள்கள் நாம். அம்மா அதற்குப் பிறகு கடைசிவரை கையால்தான் தைத்தாள். அப்போது எனக்குப் பதினாறு வயது. அந்தச் சத்தமில்லாத வீடு எனக்கு இன்னும் கேட்கிறது.

நான் உன்னை மிரட்டவில்லை. ஆனால் நீ அந்தக் கப்பலில் மறுபடி ஏறினால் உனக்கு நான் எழுதுவது இதுவே கடைசியாக இருக்கும். நன்கு யோசித்துத்தான் எழுதுகிறேன். ஜானட்டுக்கு என் ஆசீர்.

சிறுவயதிலும் நீ இப்படித்தான். மழைத் தண்ணீர் தெருவில் நின்று பள்ளிக்கூடம் இல்லாத நாளில் புளியங்கொட்டையைப் பந்தயமாக வைத்து ஆடுவோமே, முதல் கையை நீ விடவே மாட்டாய். அது எனக்குத் தெரியும் என்பதால்தான் உன் கொட்டையெல்லாம் என்னிடம் வந்தது. அந்த மேஜையில் இருப்பவர்களுக்கும் இதற்குள் தெரிந்திருக்கும். இதை அறிவுரையாக எழுதவில்லை.

அருட்சகோதரி மரிய சிலுவை


பனாஜி
22 மே 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தின் கடைசிப் பாராவை மட்டும் பதினொரு முறை படித்தேன். மற்றதை ஒரு முறை.

மறுபடி ஏறினேன். மூன்று முறை. முதல் முறை ஜெயித்தேன், ஜானட்டுக்கு நல்ல செருப்பு வாங்கிக் கொடுத்தேன். இரண்டாம் முறை ஒரு சீட்டும் சேரவில்லை, மூன்று மணி நேரம் கவிழ்த்துக்கொண்டே இருந்தேன், கொட்டாவி விட்டதுதான் மிச்சம். மூன்றாம் முறை நல்ல கையோடு தோற்றேன். படகில் திரும்பும்போது ரமாபாய் பேச்சுக் கொடுத்தாள், நான் ஆற்றுத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தேன். அவ்வளவு வலித்தது.

நீ சொன்னது சரி. மேஜையில் வேலப்பன் என்று ஒருவர், நாகர்கோவில்காரர், கோவாவில் பம்புசெட் வியாபாரம். நான் உட்கார்ந்ததுமே சிரிப்பார். "அம்மா, போணி பண்ணியாச்சா?" என்று கேட்டுவிட்டு, தன் சீட்டைப் பார்க்காமலேயே என் முதல் கை மேல் காசை ஏற்றுவார். நானும் கட்டுவேன். ஒரு சுற்றுக்கு "அந்தோணியாரே" என்று பெருமூச்சு விட்டுக்கொண்டு இன்னொரு முறை கட்டிவிட்டு, பிறகு கவிழ்ப்பேன். ஒவ்வொரு முறையும் அந்தக் காசு அவருக்குத்தான்.

அப்பாவைப் பற்றி எழுதினாயே. அப்பா எழுந்திருக்கத் தெரியாதவர். நான் ஒரு பையில் ஐயாயிரம் கொண்டுபோகிறேன், வேறு எதுவும் கொண்டுபோவதில்லை. நாலு மணிப் படகுக்கு ஜெயித்தாலும் தோற்றாலும் இறங்கிவிடுகிறேன். பதினெட்டு வயதில் கூடை தூக்கினேன். புருஷன் போன பிறகும் கூடைதான். ஜானட்டைப் படிக்கவைத்ததும் கூடைதான். எனக்கு என்று, என் தலையால் ஒரு காரியம் செய்து பார்ப்பது இதுதான் முதல் தடவை. அதைப் பாவம் என்று நீ சொன்னால் சொல்லிக்கொள்.

ஆனால் எழுதமாட்டேன் என்று சொல்ல உனக்கு எப்படி மனம் வந்தது? எண்பத்தேழில் மடத்துக்குப் போன அன்றைக்கும் நீ என்னிடம் சொல்லிக்கொண்டு போகவில்லை. நான் தூங்கி எழுந்தபோது தலைமாட்டில் புளியங்கொட்டை டப்பா இருந்தது, நீ இல்லை. எனக்குப் பதினாலு வயது. என்ன செய்வது என்று தெரியாமல் உட்கார்ந்து எண்ணினேன். நூறு இருக்க வேண்டும், தொண்ணூற்றொன்பதுதான் இருந்தது. எதிர்வீட்டு மலர்க்கொடிதான் எடுத்தாள் என்று அவள் தலைமுடியைப் பிடித்துச் சண்டை போட்டு ஒரு வருடம் பேசாமல் இருந்தேன். உன் மேல் போட வேண்டிய சண்டை அது.

ஊருக்குத் திரும்புவதற்கு முன்னால் இன்னும் சில முறை போவேன். பொய் சொல்லி உன் கடிதத்தை வாங்க எனக்கு இஷ்டமில்லை.

ஷெர்லின்


பனாஜி
12 ஜூன் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீ பதில் எழுதவில்லை. எழுதமாட்டாய் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன், ஏனென்றால் இதைச் சொல்ல எனக்கு உன்னைவிட்டால் ஆள் இல்லை. ஜானட்டுக்குச் சீட்டு தெரியாது. ரமாபாய் கூடவே இருந்து பார்த்துவிட்டாள்.

நேற்று மதியம் போனோம். எட்டுப் பேர் மேஜை. வேலப்பன் எனக்கு நேர் எதிரே. முதல் கை வந்தது. ஓரத்தை மட்டும் தூக்கிப் பார்த்தேன். ஒன்பது. இன்னொன்றும் ஒன்பது.

"அம்மா, இன்னைக்கும் போணிதானா?" என்று கேட்டார்.

"போணிய திருப்பி அனுப்ப மாட்டேன் நைனா" என்றேன். ஒவ்வொரு முறையும் சொல்கிற அதே பேச்சு, அதே குரல். அவர் காசை ஏற்றினார். கட்டினேன்.

நடுவில் மூன்று சீட்டு விழுந்தது. ராஜா, ஒன்பது, நாலு. என் கையில் மூன்று ஒன்பது ஆகிவிட்டது. அக்கா, நெஞ்சு அடித்துக்கொண்ட அடிப்பு ராயபுரம் கோயில் வரை கேட்டிருக்கும். வேலப்பன் இந்த முறை தன் சீட்டைப் பார்த்தார். பார்த்த பிறகு ஏற்றினார். அப்போதே அவரிடம் ராஜா இருக்கிறது என்று தெரிந்துவிட்டது, நல்ல மீனைப் பார்த்தவன் கூடையைப் பார்க்காமல் வேறு பக்கம் பார்ப்பானே, அப்படிப் பார்த்தார். நான் "அந்தோணியாரே" என்று பெருமூச்சு விட்டேன். கட்டினேன்.

நாலாவது சீட்டு ஏழு. வழக்கமாக நான் கவிழ்க்கிற இடம் இதுதான். என்னைச் சீக்கிரம் அனுப்பிவிட நினைத்தாரோ என்னவோ, தன் முன்னால் இருந்த, காசுக்குப் பதிலாக அங்கே கொடுக்கிற வில்லை அத்தனையும் நடுவில் தள்ளிவிட்டார். நானும் என்னுடையதை மொத்தமாகத் தள்ளினேன். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

சீட்டைத் திருப்பினார். ஏஸ், ராஜா. ராஜாவில் ஒரு ஜோடி. நான் இரண்டு ஒன்பதையும் திருப்பி வைத்தேன். கடைசிச் சீட்டு ஏஸ் விழுந்ததும் மேஜை முழுக்க ஒரு சத்தம். இரண்டு ஜோடி ஆனாலும் மூன்று ஒன்பதுக்குக் கீழேதான் என்று டீலர் பையன் வில்லைகளை என் பக்கம் தள்ளியபோதுதான் மூச்சே வந்தது.

"போணிக்கு இவ்ளோ கொடுத்துட்டியே நைனா, நீ நல்லா இருக்கணும்" என்றேன். மனிதர் நல்லவர். எழுந்து வந்து கையைக் கொடுத்தார். "ரெண்டு மாசமா இதுக்குத்தான் வலை போட்டீங்களாம்மா?" என்று கேட்டார்.

ரெண்டு மாதமாக இல்லை. உன் கடிதம் வந்ததிலிருந்து. அவர்களுக்குத் தெரிந்திருக்கும் என்று எழுதினாயே. நீ நினைத்தது நான் அந்தப் பழக்கத்தை விட்டுவிட வேண்டும் என்று. நான் விடவில்லை. தெரிந்தால் தெரியட்டும் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே வந்தேன், ஒருநாள் நல்ல கை வராமலா போகும் என்று.

நாலு மணிப் படகில் இறங்கிவிட்டேன். ரமாபாய் கரை வரைக்கும் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். "இன்னாமா ஷெர்லின், கலக்கிட்டியே" என்று சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தாள். அக்கா, எனக்கு அவ்வளவு சந்தோஷம். பக்கத்தில் நீ இருந்திருக்க வேண்டும்.

ஷெர்லின்


ராயபுரம்
10 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

தடை முடிந்து படகுகள் போய் வந்துகொண்டிருக்கின்றன. கடைக்குப் பெரிய ஐஸ் பெட்டி வாங்கிவிட்டேன், மூடியில் ஒன்பது என்று பெயிண்டால் எழுதியிருக்கிறேன். என்ன கணக்கு என்று எல்லாரும் கேட்கிறார்கள், சொல்லவில்லை.

மூன்று மாதம் ஆகிவிட்டது. தபால்காரரைத் தெருமுனையில் பார்த்தால் நானே போய்க் கேட்கிறேன், அவருக்கே பேஜாராகிவிட்டது. நீ சொன்னால் சொன்னதுதான் என்று எனக்குத் தெரியும். அடுத்த தடைக்கும் நான் போவேன், அதுவும் உனக்குத் தெரிய வேண்டும். இரண்டையும் வைத்துக்கொண்டு எப்படி அக்கா தங்கையாக இருப்பது என்று எனக்குப் புரியவில்லை. நீ எழுதாவிட்டாலும் நான் மாதம் ஒன்று எழுதுவேன். படிக்காதே என்று உன்னை யாரும் தடுக்கவில்லையே.

ஷெர்லின்


கன்னியர் மடம், மலைச்சாலை
8 செப்டம்பர் 2025
மாதா பிறந்தநாள்

என் அன்புத் தங்கை ஷெர்லினுக்கு,

இன்று திருநாள். மதர் என்னைக் கூப்பிட்டு, "சிஸ்டர், இன்னும் எத்தனை மாதம் அந்தப் பெண்ணைக் காக்க வைக்கப் போகிறீர்கள்?" என்று கேட்டார்கள். சொல்லிவிட்டேனே மதர், எப்படி மாற்றுவது என்றேன். "நீங்கள் சொன்னது கோபத்தில். வார்த்தைப்பாடு கடவுளுக்குக் கொடுப்பது, தங்கைக்கு அல்ல" என்றார்கள். பிறகு அலமாரியைத் திறந்து உன் ஜூன் மாதக் கடிதத்தை எடுத்தார்கள். அது அவர்களிடம்தான் இருந்திருக்கிறது. நான் கேட்கட்டும் என்று வைத்திருந்தார்களாம். நான் கேட்கவே இல்லை. அவ்வளவு வீம்பு எனக்கு.

அதைத் தோட்டத்தில் உட்கார்ந்து படித்தேன். நாலாவது சீட்டு ஏழு என்ற இடத்தில் எழுந்து நின்றுவிட்டேன். கடைசியில் ஏஸ் விழுந்ததும் "அய்யோ, இன்னாடி" என்று வாய்விட்டுக் கத்திவிட்டேன். முப்பத்தெட்டு வருடமாக என் வாயில் அந்தப் பேச்சு வந்ததில்லை. களை பிடுங்கிக்கொண்டிருந்த இரண்டு சிஸ்டர்கள் பயந்துபோனார்கள். சாயங்கால ஓய்வு நேரத்தில் மதரே எல்லாருக்கும் படித்துக் காட்டினார்கள். பதினொரு பேரும் கை தட்டினோம்.

நீ அப்பா இல்லை. நாலு மணிப் படகில் இறங்குகிறவள். அதை நான் மே மாதமே பார்த்திருக்க வேண்டும். என்னை மன்னித்துவிடு.

இன்னொன்றுக்கும் மன்னிப்புக் கேட்க வேண்டும். உன்னை எழுப்பியிருந்தால் நான் அன்றைக்குப் போயிருக்க மாட்டேன். அதனால்தான் எழுப்பவில்லை. டப்பாவை உன் தலைமாட்டில் வைக்கும்போது அதிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டேன். எங்களுக்குச் சொந்தமாக எதுவும் இருக்கக் கூடாது. இத்தனை வருடமாக ஜெபப் புத்தகத்தின் உறைக்குள் ஒரு புளியங்கொட்டையை ஒளித்து வைத்திருந்தேன். இன்றுதான் மதரிடம் சொன்னேன். திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்றார்கள். மலர்க்கொடியைப் பார்த்தால் நான் வருத்தப்பட்டதாகச் சொல்.

இந்தக் கடிதத்தோடு காகிதத்தில் மடித்து வைத்திருக்கிறேன், தொலைத்துவிடாதே. அடுத்த தடைக்குப் போகும்போது உன் பையில் போட்டுக்கொண்டு போ. முதல் கைக்கு அதைப் பக்கத்தில் வைத்துக்கொள். இந்த முறை போணி என்னுடையது.

உன் அக்கா,
சிலுவை