வானத்தைக் காட்டிய கை

இதனால் ஊரிகம் லைன் வீட்டார் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், இன்று காலை காபி நேரத்தில் எங்கள் வீட்டு எவர்சில்வர் டம்ளர் ஒன்று அலமாரியிலிருந்து தானாகக் குதித்து, விளிம்பு நசுங்கி, உயிர் பிழைத்தது. கீழே தங்கச் சுரங்கத்தில் எங்கோ ஒரு லெவலில் பாறை வெடித்துத் தரை நடுங்கியிருக்கிறது. ஆட்கள் யாருக்கும் ஒன்றுமில்லை. டம்ளருக்கு மட்டும் பலத்த காயம்.

இதை உனக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும், அண்ணா. இன்னொன்றும் இருக்கிறது. உன் கான்கார்ட் விமானம் ஆள் ஏற்றிக்கொண்டு பறக்க ஆரம்பித்துவிட்டது. லண்டனிலிருந்து ஒன்று, பாரிஸிலிருந்து ஒன்று, ஒரே நேரத்தில் கிளம்பினவாம். பேப்பரில் வந்த படத்தை உன்னைப் போலவே பிளேடால் வெட்டி வைத்திருக்கிறேன். உன் நோட்டில் ஒட்டலாம் என்றால் அது பெரியம்மாவின், அதான் உன் அம்மாவின், டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. கேட்க எனக்கு வாய் வரவில்லை.

சுரங்கத்துக்குள் பாறை சரியாமல் மரமுட்டு கொடுக்கிற வேலை உனக்கு. ஷிஃப்ட் முடிந்து வந்து குளித்தால் பேச்செல்லாம் அந்த விமானம்தான். “வெள்ளைக்காரனும் பிரெஞ்சுக்காரனும் காலங்காலமா அடிச்சிக்கினவங்கடா. மூக்கும் வாலும் இவன் செய்றான், ரெக்கை அவன் செய்றான். கடைசில பொருந்திச்சி பாத்தியா?”

“தனியா செய்ய துப்பில்லாதவன்தான் கூட்டு சேருவான்ணா. இங்க சுரங்கத்தை உட்டுட்டுப் போனான், அங்க ரெக்கையை உட்டுட்டான். பிரெஞ்சுக்காரன் பறந்து ஒரு மாசம் கழிச்சிதான் உங்காளு தரையை உட்டே எழுந்தான். அது சூப்பர்சானிக் இல்ல, சூப்பர் சனி.”

லைனே சிரிக்கும். உனக்கு ‘பாதாள பைலட்’ என்று பெயர் வைத்ததும் நான்தான். நீயும் சிரிப்பாய். சிரித்துவிட்டு, கோபமில்லாமல், மறுபடி முதலிலிருந்து விளக்குவாய். சத்தத்தை விட வேகமாகப் போகிற விமானம், அது போனால் வீடெல்லாம் அதிரும் என்பாய். “சத்தம் நம்ம காதுக்கு வரும்போது அது நம்மளைத் தாண்டிப் போயிருக்கும்டா.”

அப்புறம் அந்தக் கடிதம். இங்கிலாந்தில் ஏதோ ஒரு விமானத் தொழிற்சாலைக்கு வேலை கேட்டு எழுதியிருந்தாய். பதில் வந்தது. எட்டாவதோடு நின்றவன் நீ. படித்துச் சொல்லும்படி என்னிடம் கொடுத்தாய். நான் அதைக் குழாயடிக்கு எடுத்துப் போனேன். குடத்தோடு நின்றவர்களுக்கு முன்னால், துரை மாதிரி மூக்கால் பேசி, தமிழாக்கி வாசித்தேன். “வேலை இல்லை மிஸ்டர் பைலட்! பிளேனை வாங்குறேன்னு சொன்ன கம்பெனிங்க ஒவ்வொண்ணா கழண்டுக்கிச்சி. இங்க இருக்கிறவனையே வூட்டுக்கு அனுப்பிக்கினு இருக்கோம். நீ அங்கியே தோண்டிக்கினு இரு!” கடைசி வரி மட்டும் என் சொந்தச் சரக்கு. அதற்குத்தான் அதிகம் சிரித்தார்கள்.

நீ பக்கெட்டோடு பின்னால் நின்றிருந்தாய். “படிச்சி முடிச்சிட்டியா? குடு” என்றாய். நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாய். அதுதான் நீ என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு.

அடுத்த வாரம் நீ காலை ஷிஃப்டில் இருந்தபோது வீடு அதிர்ந்தது. பெண்கள் எல்லோரும் கைவேலையைப் போட்டுவிட்டு, சுரங்கத்தில் ஆள் இறங்குகிற ஷாஃப்ட் கேட்டுக்கு ஓடினார்கள். உன் அம்மாவும் முறத்தைக் கீழே வைத்து எழுந்தார். நான் வெளியே வந்து வானத்தைக் காட்டிக் கத்தினேன். “பெரிம்மா, ஓடாதே! அண்ணன் சொல்லுமே, அந்த பிளேனு! மேல பாரு!”

கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார். “எங்கடா? ஒண்ணியும் காணமே?”

“போயிடுச்சி பெரிம்மா. சத்தம் பின்னாடிதான் வரும்.”

“அதையேதான் எம்புள்ளையும் சொன்னான்.” சிரித்தார். “வரட்டும், வந்ததும் சொல்றேன்.” உட்கார்ந்து மறுபடி கல் பொறுக்க ஆரம்பித்தார்.

ஒரு படி அரிசி. அதைப் பொறுக்கி முடிக்கிற நேரத்துக்குள் உன்னைக் கேஜ் கூண்டில் மேலே கொண்டு வந்து, கேட்டருகே படுக்க வைத்து, ஆஸ்பத்திரி வண்டியில் ஏற்றிவிட்டார்கள். அதுவரை உனக்கு மூச்சு இருந்ததாம். “எங்கம்மா வந்துச்சா?” என்று இரண்டு முறை கேட்டாயாம். ஆள் வந்து கூப்பிட்டபோது பெரியம்மா கையில் அரிசி இருந்தது.

அப்பா என்னை பெல்ட்டால் விளாசினார். “வெளையாட்டுக்குத்தான் சொன்னேன்” என்றேன். பள்ளிக்கூடத்திலும் டீக்கடையிலும் அப்படித்தான் சொல்லித் திரிகிறேன், ஒரு தாயையே வானத்தைப் பார்க்க வைத்தவன் நான் என்று. பசங்கள் என்னைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். அது எனக்கு வசதியாக இருக்கிறது.

உண்மையை உனக்கு மட்டும் சொல்கிறேன், சிரிக்காதே. அன்றைக்கு அது விளையாட்டே இல்லை. என் அப்பாவும் உன்னோடு அதே ஷிஃப்ட். வீடு அதிர்ந்ததும் நான் கட்டிலுக்கு அடியில் போய்விட்டேன். வெளியே வந்தபோது டிராயர் நனைந்திருந்தது. அது விமானமாக இருந்துவிட்டால் கீழே யாரும் சாகவில்லை என்றாகிவிடும், அதற்காகத்தான் கத்தினேன். அத்தனை பேர் முன்னால் நான் கேலி செய்த விமானத்தை, அன்றைக்கு இந்த லைனில் உண்மையாக நம்பியவன் நான் ஒருவன்தான்.

இன்று டம்ளர் விழுந்ததும் எல்லோரும் கேட்டுக்கு ஓடினார்கள். பெரியம்மா ஓடவில்லை; கீழே அவருக்கு இப்போது யார் இருக்கிறார்கள்? வாசலில் உட்கார்ந்தபடி என்னைப் பார்த்து, “இன்னாடா, பிளேனா?” என்றார்.

“இல்ல பெரிம்மா” என்றேன், மேலே பார்த்துக்கொண்டே.