குடித்தனக்காரர்கள் கை தூக்கலாமா

ஏப்ரல் 2
காலை டியூட்டிக்குக் கிளம்பினால், ஏரிச் சந்தின் முனையில் புதிதாக ஒரு இரும்புக் கேட். பூட்டு வேறு. பீர்க்கன்கரணை முழுக்கச் சுற்றி மெயின் ரோட்டுக்கு வருவதற்குள் பஸ் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் ஹெட் நர்ஸிடம் திட்டு.

ஏப்ரல் 3
கீழ்வீட்டில் இருக்கும் எங்கள் ஓனர் வேதாசலம் சார்தான் நலச்சங்கச் செயலாளர். கேட்டேன். "திருட்டு பயம்மா. சொந்த வீட்டுக்காரங்களுக்கு சாவி குடுத்தாச்சு. குடித்தனக்காரங்க இன்னைக்கு இருப்பீங்க, நாளைக்குப் போயிடுவீங்க."
பதினொரு வருஷமாக இதே மாடியில் இருக்கிறேன்.

ஏப்ரல் 9
தையல் கடை உதயா ஒரு நோட்டீஸ் காட்டினாள். 14ஆம் தேதி சமுதாயக் கூடத்தில் மாநகராட்சியின் பகுதி சபைக் கூட்டம். "இன்னாக்கா யோசிக்கிற? இதுக்கு ஓட்டு இருந்தா போதும், சொந்த வூடு வேணாம்."
இரண்டு தடவை படித்தேன். இந்தப் பகுதி வாக்காளர்கள் எல்லோருமே உறுப்பினர்களாம். அப்படியென்றால் நானும். இத்தனை நாள் இது ஏன் தெரியாமல் போயிற்று?

ஏப்ரல் 12
மூன்று நாளாக உதயாவும் நானும் குடித்தனக்காரர்களைக் கூட்டத்துக்குக் கூப்பிட மாடி மாடியாக ஏறுகிறோம். "ஓனர் காலி பண்ணச் சொல்லிட்டா?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். எனக்கும் அந்தப் பயம் இருக்கிறது. ஆனாலும் கால் தரையில் பாவவில்லை.

ஏப்ரல் 14
முப்பது நாற்காலி. நாங்களே நாற்பத்தாறு பேர்.
"வேற ஏதாவது இருக்கா?" என்றார் கவுன்சிலர். கை தூக்கினேன். உடனே வேதாசலம் சார் எழுந்து, "இவங்க என் வீட்ல வாடகைக்கு இருக்கறவங்க" என்றார்.
"ஓட்டு இங்கதானம்மா?"
"ஆமா சார்."
"அப்ப பேசுங்க."
என்ன பேசினேன்? பாதி ஞாபகமில்லை. "சந்து பொதுச் சந்து சார், சங்கத்தோடது இல்ல" — அதைச் சொன்னேன், குரல் நடுங்காமல் சொன்னேன். கேட்டை எடுக்கத் தீர்மானம். கீழே என் கையெழுத்தும்: அருள்மேரி.
வழியெல்லாம் உதயாவின் வாய் ஓயவில்லை. "ஷோக்கா பேசினக்கா."

ஏப்ரல் 15
வேதாசலம் சார் முகம் கொடுத்துப் பேசவில்லை. வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கணுமோ? இல்ல. முடியாது.

மே 6
கேட்டைக் கழற்றிவிட்டார்கள். பஸ் வர இன்னும் ஐந்து நிமிஷம் இருக்கும்போதே ஸ்டாப்பில் நின்றேன். தெரியாதவர்களைப் பார்த்தெல்லாம் சிரித்தேன்.

செப்டம்பர் 15
வேதாசலம் சார் இதுவரை காலி பண்ணச் சொல்லவில்லை. பேச்சும் இல்லை.
இன்று அடுத்த பகுதி சபைக் கூட்டம். நாற்காலி போதாமல் ஆட்கள் சுவரோரம் நின்றார்கள். வேதாசலம் சாரின் மனைவி முதல் தடவையாக வந்திருந்தார். கணவர் பக்கத்தில் உட்காராமல் நேராக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் கை தூக்கினார்.
"யாருங்க?" என்றார் கவுன்சிலர்.
"என் வீட்டம்மாதான்," என்றார் வேதாசலம் சார் முன்வரிசையிலிருந்து.
"பேரு ஜெயக்கொடி," என்றார் அந்தம்மா, எழுந்து நின்று. "ஏரிக்கரையில லைட்டே இல்ல. சாயந்திரம் ஆனா பொம்பளைங்க நடக்க முடியல."
குறிப்பு எழுதுகிறவர் நிமிர்ந்தார். "பேரை இன்னொரு தடவை சொல்லுங்கம்மா, எழுதிக்கறேன்."
சொன்னார். முன்னைவிடச் சத்தமாக.