கோல் போஸ்டின் இரண்டு மூலைகள்

சனிக்கிழமை, இரவு

நாளை பாலையூற்று மைதானத்தில் எங்கள் கழகத்தின் போட்டி. கோல் போஸ்டைச் சும்மா செய்து தருகிறேன் என்று நானே குதித்துப் போய்ப் பொறுப்பெடுத்தேன். வெல்டிங் பழகியது முழுக்க யூடியூப்பில்தான்.

இடது மூலையில் இரும்பு சரியாக உருகிப் பிடிக்கவில்லை. அது எனக்கு அப்போதே தெரியும். பட்டி பூசி, வெள்ளைப் பெயின்ட் அடித்து மறைத்துவிட்டேன். பந்து பட்டால் தாங்கும் என்று நினைத்தேன்.

இன்று பின்னேரம் எங்கள் கோல் கீப்பர் நிசாம் நானாவின் வீடியோக்களை எடிட் செய்யும்போதுதான் விஷயம் உறைத்தது. ஒவ்வொரு போட்டிக்கு முன்னும் அவர் பாய்ந்து, மேல் கம்பியில் தொங்குவார். அதை ஊருக்கெல்லாம் பரப்பியவனே நான்தான்.

உடனே போன் எடுத்தேன்.

"நானா, நாளைக்கு இடப்பக்கம் தொங்காதீங்கோ. வெல்டிங் பிடிக்கேல்ல."

சிரித்தார். "தொங்காட்டி எனக்குப் பந்து பிடிக்க ஏலாது தம்பி. வலப்பக்கம் தொங்குறன், சரியோ?"

"ஓம் நானா" என்று வைத்துவிட்டேன்.

வலப்பக்கமும் நான் ஒட்டியதுதான். அதே நாள், அதே கை. திரும்ப எடுத்தால் அவர் போன் ஓஃப்.

விடியவே கிரைண்டரோடு போய் இரண்டு மூலையையும் வெட்டி மேல் கம்பியை இறக்க வேண்டும். ஆனால் மைதானத்துக்கு எப்போதும் முதலில் வருகிறவர் அவர்தான்.